மலைக்குக் குடிபோன சண்டைக்காரி

என்னிடம் வேலை கேட்டு வந்து, வேலை கிடைப்பதற்கு முன்னாலேயே என்னோடு சண்டை போட்டவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அந்த அம்மாவின் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "ஆரைக் கேட்டுங்க எம்பட பேரைப் போட்டீங்க?" என்று அதற்கு ஒரு சண்டை வரும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவர் எப்பேர்ப்பட்ட ஆளோடு மோதினார் என்பது உங்களுக்கு விளங்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலையில் ஆரம்பித்தேன். அதே கணபதியில் இன்றைக்கு எனக்குச் சொந்தமாக மோட்டார் பம்ப் கம்பெனி. கொடுமுடிப் பக்கம் போய் எந்தக் கிணற்று மேட்டிலாவது நின்று பாருங்கள், கொட்டுகிற தண்ணீர் என் பம்ப் இறைத்ததாக இருக்கும். பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் எனக்கு எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்கள். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அப்படிப்பட்ட கம்பெனிக்கு ஒரு நாள் காலையில் அந்த அம்மா வந்தார். மோட்டாருக்குள்ளே செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலைக்குப் பெண்களின் கைதான் வாகு. வேறொரு கம்பெனியில் பழகியவர் என்றார். சரி, போய்ச் செக்‌ஷனைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று உள்ளே அனுப்பினேன். பார்த்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்ணா, பொம்பளைங்க இத்தன பேரு வேலை செய்யற எடத்துல கக்கூசுக் கதவுக்குத் தாப்பா இல்லீங்களே?"

"நீ வேலைக்கு வந்தியா, தாப்பாளைப் பாக்க வந்தியாம்மா?"

"ரெண்டுக்குந்தானுங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவலுக்கு நிக்கறாங்க. ரெண்டு பேரு வேலையும் கெடுதுங்க. உங்களுக்குத்தானுங்க நட்டம். அது போவுட்டுங்க, உங்க ஊட்டுல இப்படி உட்டு வெப்பீங்களா? ஊட்ல அக்கா உங்களைச் சும்மா உடுவாங்களா?"

எழுந்துவிட்டேன். கோபம் தலைக்கேறிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதையாகப் பேசுவோம், அது ஊருக்கே தெரியும். ஆனால் கோபம் வந்தால் எங்களுக்கும் அந்த 'ங்க' கழன்று விழுந்துவிடும். அந்த அம்மாவுக்கு மட்டும் கோபம் ஏற ஏற 'ங்க' கூடிக்கொண்டே போகும். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டுவிட்டார் என்றால் அதற்கு மேல் கோபம் கிடையாது. இப்படி மரியாதையாக அடிக்கிறவரை எப்படித் திருப்பி அடிப்பது?

மத்தியானத்துக்குள் தாழ்ப்பாள் போட்டாயிற்று. மறுநாள் அவர் வேலைக்கு வந்தார்.

அந்த அம்மாவுக்குச் சண்டை போடத் தெரிந்த மாதிரி நான் வேறு யாருக்கும் தெரிந்து பார்த்ததில்லை. முகத்துக்கு நேராகத்தான் போடுவார். முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேச மாட்டார். தனக்காக அவர் சண்டை போட்டதும் குறைவு. எல்லாம் அடுத்தவர்களுக்காகத்தான். பொழுது சாய்வதற்குள் சண்டையை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்டுப்பாடு. "ராத்திரிக்கு எடுத்துட்டுப் போனா அது வெசமாயிருமுங்க" என்பார். சண்டை முடிந்ததும் எதிராளியைச் சாப்பிடச் சொல்வார். மறுநாள் ஒரு தூக்குப்போசி வரும். திறந்தால் ஒப்பிட்டு, அதாவது எங்கள் ஊர்ப் போளி, இருக்கும்.

"நேத்துப் பேசுனதுல ரெண்டு சொல்லு சாஸ்தியாப் போச்சுங்ணா. சொல்லுக்கு ஒண்ணு வெச்சுருக்கறனுங்க. மத்ததெல்லாம் சரியாத்தானுங்க பேசியிருக்கறேன்."

எத்தனை ஒப்பிட்டு வந்திருக்கிறது என்று பார்த்தால், எத்தனை சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்பது தெரியும். பெரிய சண்டைக்கு நிறைய வரும் என்று நினைத்து, ஒரு தடவை தீபாவளி நேரத்தில் வேண்டுமென்றே வாயைக் கொடுத்தேன். ஒன்றுகூட வரவில்லை. "எல்லாமே ஞாயமாத்தானுங்களே பேசுனேன்" என்றுவிட்டார்.

அவர் பேசுவதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை நிறைய மோட்டார்கள் கருகித் திரும்பி வந்தன. வைண்டிங்கில்தான் கோளாறு என்றேன். இல்லவே இல்லை, வார்னிஷ் போட்டுச் சூட்டடுப்பில் காய வைக்கிறவர்கள்தான் சரியாகக் காய வைக்கவில்லை என்று அந்தச் செக்‌ஷனையே ஒரு பிடி பிடித்தார். பிரித்துப் பார்த்தால் கம்பிச் சுற்றில்தான் பிசகு, அதுவும் அவர் கையால் சுற்றியது. வேறு யாராக இருந்தாலும் மெதுவாக நழுவியிருப்பார்கள். அவர் கம்பெனிக்கு நடுவில் வந்து நின்று, சண்டை போட்ட அதே சத்தத்தில், "தப்பு எம்மேலதானுங்க! நாந்தானுங்க கண்ணு தெரியாம சுத்திப்போட்டேன்! நீங்க எல்லாம் என்னை ஒண்ணும் சொல்லாம உட்டா எனக்குத்தானுங்க அசிங்கம்!" என்றார். வார்னிஷ் செக்‌ஷன்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்குத்தான் அவரை வைண்டிங் செக்‌ஷனுக்குப் பொறுப்பாகப் போட்டேன். தப்பைச் சத்தமாக ஒப்புக்கொள்கிறவரை நம்பலாம். இதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

அந்த அம்மா வீட்டார் கிறிஸ்தவர்கள். பெற்றோர் காட்டு வேலைக்குப் போனவர்கள், இவர் தலைமுறையில்தான் கம்பெனி வேலை. சர்ச்சிலும் இவர் சும்மா இருந்ததில்லை. அறுப்பின் பண்டிகை விருந்தில் பாட்டுப் பாடுகிறவர்களுக்கும் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் முதல் பந்தி, கோயிலைக் கூட்டித் துடைக்கிற பெண்களுக்குக் கடைசிப் பந்தி என்று வைத்திருந்தார்களாம். இவர் பிரியாணிக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கொடுக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். "பாஸ்டர் ஐயா, ஏசப்பா வந்திருந்தா எந்தப் பந்தியிலுங்க உக்கோந்திருப்பாரு?" என்று கேட்டிருக்கிறார். பாஸ்டர் அசந்துபோய்த் துடைக்கிற பெண்களோடு தானும் போய் உட்கார்ந்தாராம். அதற்கப்புறமும் அந்த இரண்டு பேருக்கும் ஏதாவது சண்டை ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் இவர் முதலில் ஓடுவது அந்தப் பாஸ்டரிடம்தான்.

"சண்டை போடறம்னா ஒறவு இருக்குதுன்னு அர்த்தமுங்ணா. ரோட்டுல போற ஆளுகூட ஆராச்சும் மெனக்கெட்டுச் சண்டை போடுவாங்களா?" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அப்போது அதைச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். தங்கமான மனுசன். மில் தூசி நெஞ்சில் இறங்கி, அவரால் ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. "அண்ணா... சௌக்கியமா..." என்று ஆரம்பிப்பார், மூச்சு வாங்கும். மீதியை அந்த அம்மா முடிப்பார்: "ஊட்ல அல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறாருங்க." பேச்சுக்கு அவர் தலையும் இவர் உடம்புமாகப் பல வருடம் இப்படியே குடும்பம் ஓடியது.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார், இந்த ஊர்ப் புகையிலும் தூசியிலும் இவரை வைத்திருந்தால் தாங்க மாட்டார் என்று. அந்தப் பாஸ்டர் அதற்குள் மலைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அந்தியூருக்கு மேலே, காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறிப் போகிற பாதையில், ஒரே ஒரு கடைவீதியும் பஸ் நின்று திரும்புகிற ஒரு மைதானமும் உள்ள ஊர். அங்கே அவர்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்.

நான் விடவில்லை. "மலைமேல உனக்கு ஆரு இருக்கறா? கோயமுத்தூருல இல்லாத டாக்டரா? எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் நான் வெச்சுப் பாக்கறேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை, செய்திருப்பேன்.

"டாக்டரு காத்தை மாத்திக் குடுப்பாருங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கோயம்புத்தூரைத் தவிர வேறு ஊரில் ஒரு வாரம் தங்கியிராத மனுசி, பாத்திர பண்டத்தை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்காரரை முன்சீட்டில் உட்கார வைத்து, மலையேறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வைண்டிங் செக்‌ஷன் அமைதியாகிவிட்டது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் மூலைக்கு மூலை முணுமுணுப்பு. முகத்துக்கு முன்னால் சிரிக்கிறார்கள், பின்னால் போய்ப் பேசுகிறார்கள். நன்றாக வேலை செய்த பெண்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். எது கோணலாக இருக்கிறது என்று என்னிடம் சொல்ல ஆள் இல்லை. மலை ஏறிப் போய்க் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் போய்க் கேட்டு நடக்காத காரியம் உண்டா? "வரும்போது அந்தம்மாளோடதான் வருவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

போய் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அவர் வீட்டுக்காரர்தான். கடைவீதியிலிருந்து மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, ஏனுங் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க, ஊட்ல அக்கா வரலீங்களா, காப்பி குடிக்கறீங்களா, மொதல்ல ஊட்டுக்கு வாங்க" என்றார். ஒரே மூச்சில். முழுசாக ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

உள்ளே அந்த அம்மா சிரித்த முகமாக வரவேற்றார். "வாங்ணா." காப்பி கொடுத்தார். சிரித்தார். ஊர் எப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க." வீடு? "நல்லா இருக்குதுங்க." ஜனங்கள்? "நல்ல சனமுங்க." இவர் எதைக் கேட்டாலும் நல்லா இருக்குது என்கிற ஆள் இல்லையே! பேசிக்கொண்டிருக்கும்போதே, இவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுப் பக்கத்திலேயே குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் ஆடு ஒன்று வந்து, கொடியில் காய்கிற இவருடைய சேலைத் தலைப்பை வாயில் போட்டு மென்றது. இவர் எழுந்து போய், சத்தமில்லாமல் அதன் வாயிலிருந்து சேலையை உருவிக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணபதியில் இது நடந்திருந்தால் ஆட்டுக்கும் ஆட்டுக்காரருக்கும் அந்தத் தெருவுக்கும் அன்றைக்குத் தூக்கம் இருந்திருக்காது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பாத்தீங்களாண்ணா? வந்ததுல இருந்து இப்படித்தானுங்க. ஒரு சத்தம் இல்லே. எனக்கு மூச்சு வந்திருச்சு, அவளுக்குப் பேச்சு போயிருச்சுங்க. ஊருல இவளுக்கு என்ன பேரு தெரியுங்களா? பேசாத அம்மா! நான் சிரிக்கறதா அழுகறதா சொல்லுங்க பாக்கலாம்."

பொழுது சாய்ந்தது. பின்பக்கம், நாங்கள் பொடக்காளி என்போம், அங்கிருந்து புகை கிளம்பியது. அந்த வீட்டுக்காரம்மா குளிக்கிறதற்கு வெந்நீர் போடுகிற அடுப்பு, சரியாக இவர்கள் படுக்கிற அறையின் ஜன்னலுக்குக் கீழே. ஈர விறகு. புகை ஜன்னலைத் தேடிக்கொண்டு வந்தது போல உள்ளே வந்தது. அந்த அம்மா ஜன்னலை அடைத்தார். வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர் மாட்டினார், தலைக்கு மஃப்ளர் சுற்றினார். "சித்தெ நடந்துட்டு வாரமுங்ணா" என்றார்.

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அந்தக் குளிரிலா?

"தெனமும் இதானா?"

"காத்தாலயும் பொழுதோடயுமுங்க. புகை அடங்குனதும் வந்துருவோமுங்க."

"அந்தம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே? உனக்கா வாயில்லே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாம இந்த ஊருக்கு இன்னும் ஒறம்பரைதானுங்ணா. விருந்தாடி வந்தவங்க ஊட்டுக்காரங்களக் கொறை சொல்லலாமுங்களா? இந்த ஊட்டை உட்டா இங்க மாத்து ஊடு கெடையாதுங்க. நான் ஒரு வார்த்தை வாயைத் தொறந்து, அவங்க காலி பண்ணுன்னு சொல்லிப்போட்டா, இவரை நான் எங்கீங்க கொண்டுட்டுப் போவேன்? பழையபடி அந்தத் தூசிக்கா?"

சொல்லிவிட்டு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிவிட்டார். வருடக்கணக்காக என்னைப் பேச விடாமல் பேசிய அந்த வாயை, ஒரு மனுசனின் மூச்சுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார். மனசு இளகினால் எனக்குக் கோபம்தான் வரும்.

நேராகப் பொடக்காளிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழும் நன்றாகவே பேசுவார்கள், ஆனால் எங்கள் 'ங்க' எல்லாம் அங்கே கிடையாது.

"ஏம்மா, உள்ள ஒரு சீக்காளி இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலியா? இந்த ஊடு என்ன வெலை? சொல்லு, நானே எடுத்துக்கறேன். எடுத்து இந்த அடுப்பை மொதல்ல ஒடைச்சுப் போடறேன்!"

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாருய்யா நீ? ஊட்டை விக்கறேன்னு உன்கிட்டச் சொன்னது யாரு?"

"நான் ஆருன்னு கோயமுத்தூருல வந்து கேட்டுப் பாரு!"

"நான் எதுக்குக் கோயமுத்தூருக்கு வரணும்? நீதானே இங்க வந்து கத்தறே!"

என் குரல் பட்டறைக் குரல். லேத் ஓடுகிற சத்தத்தை மீறிப் பேசிப் பழகியது. மலை ஊரில் அது எங்கெங்கேயோ எதிரொலித்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைவீதி டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு வந்துவிட்டார். சத்தம் கேட்டு அந்த அம்மாவும் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வேகமாக மேடேறி வந்தார். வந்தவர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ணா! உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?"

கேட்டீர்களா? எத்தனை நாள் கழித்து! அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல்.

"ஆருங்க உங்களை நாயம் பேசக் கூப்பிட்டது? இந்த அடுப்பு அவங்க மாமியா காலத்துல இருந்து இங்க எரியுதுங்க. நீங்க காத்தால வந்துபோட்டு, பொழுதோட ஊட்டை வெலை பேசறீங்களா? காரு வெச்சிருந்தா ஊரையே வாங்கிப் போடுவீங்களா? வயசுல பெரியவங்க, அவங்களைப் போய் 'ஏம்மா'ங்கறீங்க, 'உன்'ங்கறீங்க. இதானுங்க நீங்க கத்துக்கிட்ட மரியாதை?"

"உனக்காகத்தானேம்மா பேசறேன்!"

"எனக்குப் பேசத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா ஏன் பேசலே? அந்த மனுசனைப் பனியில கூட்டிட்டுச் சுத்தறே! சொல்லு பாக்கலாம் இப்ப! சொல்லு!"

ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்புறம் வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினார். அணை உடைந்தது.

"சொல்றனுங்க! நீங்களும் கேட்டுக்கங்க அக்கா. ஈர வெறகை வெச்சு எரிக்கறீங்களே, அது எங்க போவுதுன்னு என்னைக்காச்சும் தலையைத் தூக்கிப் பாத்தீங்களா? எங்கூட்டுக்காரரு நெஞ்சுக்குள்ள போவுதுங்க! காத்துக்குன்னு ஊரை உட்டு வந்தவங்க நாங்க. உங்க பொடக்காளி பெருசா இருக்குதுங்களே, அக்கட்டால அந்த மூலைக்கு அடுப்பைத் தள்ளி வெச்சா உங்க தண்ணி காயாதுங்களா?"

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஒரு கல் திட்டில் உட்கார்ந்துகொண்டார். முகமெல்லாம் வெளிச்சம். "ஆட்டைச் சொல்லு அம்மணி. சேலையைத் தின்னதைச் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாங்க, அந்த ஆடு! ஆட்டைக் கட்டி வளத்தோணுமுங்க!"

"அடேங்கப்பா, பேசாத அம்மா பேசுது!" என்றார் டீக்கடைக்காரர்.

எல்லோரும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார்கள். காலி பண்ணு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் தீர்ந்தது.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை நாளு இதையெல்லாம் எங்க வெச்சிருந்தே? வந்த நாளா சிரிச்சே சிரிச்சே, ஊமைன்னுல்ல நெனச்சேன்! கேள்வி கேக்க வந்துட்டே, நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மோர் எடுத்துட்டு வந்தா வேண்டாங்கறே. களி கிண்டிக் கூப்பிட்டா வயிறு சரியில்லேங்கறே. ஒரு நாளு எங்க அடுப்படிக்குள்ள கால் வெச்சிருக்கியா? வாசல்லயே நின்னு சிரிச்சுட்டுப் போறே. பட்டணத்துக்காரின்னு அவ்வளவு ஒசத்தியா உனக்கு?"

அந்த அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது. "ஒசத்தி இல்லீங்க அக்கா. எங்க அப்பன் ஆத்தா காட்டு வேலைக்குப் போன சனமுங்க. போன ஊட்டுலயெல்லாம் வாசலோட நின்னவங்க. நாங்க அடுப்படிக்குள்ள வந்தா உங்களுக்கு ஒப்புமோ ஒப்பாதோன்னுதானுங்க..."

அக்கம்பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர்களில் சிலருக்கு ஒப்பாது என்பது நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

வீட்டுக்காரம்மா கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்க மாமியா இருந்தா ஒப்பாதுதான்" என்றார். "அவ போயாச்சு. இப்ப அடுப்படி என்னுது."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு மோரோடு வந்தார். அந்த அம்மா கையில் கொடுக்கவில்லை. "உள்ள வந்து குடி" என்று சொல்லிவிட்டு, சொம்போடு திரும்பி உள்ளே நடந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சேலை நுனி அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் மறுபடி பிடித்துக்கொண்டது. அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று. கிழக்கு மூலை என்றார் வீட்டுக்காரம்மா. அங்கே வைத்தால் பக்கத்தில் கட்டியிருக்கிற மாட்டுக்குப் புகை போகும், வாயில்லாச் சீவன் என்ன பாவம் பண்ணியது என்றார் இவர். என் மாட்டைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா என்றார் அவர். உங்கள் மாட்டுக்காகத்தானே சொல்கிறேன், உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா என்றார் இவர். கூடியிருந்தவர்கள் கட்சி பிரிந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வேலி ஓரம் என்று முடிவானது. சூடு ஆறாத அடுப்புக் கல்லை யார் தூக்குவது என்று எல்லோரும் நின்றபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்தான் முதல் கல்லைத் தூக்கினேன். சாக்கை நனைத்துச் சுற்றித் தூக்கினேன், இரும்போடு பழகின கை. பின்னால் என் டிரைவர், டீக்கடைக்காரர். வெள்ளை வேட்டியெல்லாம் கரி. இத்தனை பம்ப் செய்து விற்றிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி எந்த வேலையிலும் எனக்குத் திருப்தி இருந்ததில்லை. நான் போய்க் கத்தியிருக்காவிட்டால் அந்த அடுப்பு இன்னும் அங்கேயேதான் எரிந்துகொண்டிருக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

புது இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். புகை வேலியைத் தாண்டிக் காட்டுப் பக்கமாகப் போனது. வீட்டுக்காரர் தானே எழுந்து உள்ளே போய், அடைத்திருந்த அந்த ஜன்னலைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பெனிக்குத் திரும்பி வா என்று கேட்க வந்ததை நான் அந்த அம்மாவிடம் கேட்கவே இல்லை. கேட்பதற்கு அவர் இடைவெளியும் விடவில்லை. ஆட்டுக்குக் கயிறு வாங்குவது யார் என்று அடுத்தது ஆரம்பமாகியிருந்தது. என் பக்கம் பாதி திரும்பி, "இருட்டுனா யானை எறங்குமுங்ணா, நேரத்துல கெளம்புங்க. சாப்புடாமப் போயிராதீங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அந்தியூருக்கு இறங்கி வந்த பிறகுதான் போனில் சிக்னல் கிடைத்தது. வீட்டில் கேட்டார்கள்: "ஏனுங், அந்தம்மா உங்ககூட வருதுங்களா?"

"எங்க வருது?" என்றேன். "அதுக்கு அங்கயே சண்டை கெடைச்சுப்போச்சு."